பின்கட்டில் கேட்ட அணில் கதை

அந்தக் காலத்தில் வீடுகள் எல்லாம் கலகலவென்று இருந்தன, பெண்கள் சிரித்த முகத்தோடு வேலை செய்தார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிச்சல் ஏறும். சொல்கிறவர் பெரும்பாலும் ஆண்பிள்ளையாக இருப்பார். இல்லாவிட்டால் அந்த வீட்டுக்கு விருந்துக்கு வந்தவராக இருப்பார். சாப்பிட்டுவிட்டுப் போகிறவருக்கு எந்த வீடும் கலகலப்பாகத்தான் தெரியும். எனக்கு அந்த வருஷங்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது இடுப்பு வலி. அடுத்ததாக ஞாபகம் வருவது ஒரு அணில். அந்த அணிலைப் பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன்.

என் புக்ககம் சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில். மாமனாரும் என் அகத்துக்காரரும் கோவிலில் பாசுரம் சேவிக்கிறவர்கள். பெருமாள் புறப்பாடானால் முன்னால் கோஷ்டியில் நின்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். என் மைத்துனர், அதாவது என் அகத்துக்காரரின் அண்ணா, சென்னையில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. வீடு கிடைக்காமல் அங்கே ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவியான என் மன்னியும், பத்து வயசு சுமாருக்கு ஒரே பெண்ணும் எங்களோடு இருந்தார்கள். எனக்குக் குழந்தை இல்லை. முப்பது வயதைத் தாண்டிவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நான் சொல்லாவிட்டாலும் தெருவில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

காலையில் எழுந்து ஸ்நானம் செய்து, கொடியில் தனியாக உலர்த்திய மடிப்புடவையைக் கட்டிக்கொண்டு தளிகை என்கிற சமையல் வேலைக்குள் நுழைந்தால், பெருமாளுக்கு அமுது கண்டருளப் பண்ணி எல்லோரும் சாப்பிட்டு முடிகிறவரைக்கும் நான் எதையும் தொடக் கூடாது, என்னையும் யாரும் தொடக் கூடாது. அதற்குப் பிறகு பாத்திரம், அப்புறம் அம்மி, ஆட்டுக்கல், மாடு, கிணறு, விளக்கு. வைகாசி மாதம் கருட சேவை வந்தால் உறவு, உறவுக்கு உறவு என்று வந்து இறங்குவார்கள். பெருமாள் கருடன் மேல் ஏறிப் பெரிய காஞ்சிபுரம் வரைக்கும் போய்வருவதை ஊரெல்லாம் பார்க்கும். நான் புளியோதரைக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பேன். மேளச் சத்தத்தை வைத்து இப்போது எந்தத் தெரு என்று சொல்லிவிடுவேன். அதுதான் எனக்குக் கிடைத்த சேவை.

ஓய்வு என்று எனக்கு இருந்தது மாதத்தில் மூன்று நாள். தூரமாக இருக்கிற நாட்கள். வீட்டின் பின்கட்டில், மாட்டுக் கொட்டிலை அடுத்து ஒரு அறை. எனக்கென்று ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. யாரையும் தொடக் கூடாது, கிணற்றைத் தொடக் கூடாது, அடுப்பங்கரைப் பக்கம் நிழல்கூடப் படக் கூடாது. இதை ஒரு கொடுமை என்று இப்போது சின்னப் பெண்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும், கொடுமைதான். ஆனால் அம்மியும் என்னைத் தொடக் கூடாதல்லவா? அந்த மூன்று நாளும் நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். உட்காரும்போதே வீட்டில் உள்ளவர்கள் முகம் ஒரு சுற்று வாடும், இந்த மாதமும் இல்லை என்று. அவர்களுடைய ஏமாற்றமும் என்னுடைய ஓய்வும் எப்போதும் ஒரே நாளில்தான் வந்தன.

எனக்குப் படிக்கத் தெரியும். பிறந்த ஊரான கூரத்தில் என் அப்பா எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். எதற்குச் சொல்லிக் கொடுத்தோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மற்ற நாளில் படிக்க நேரம் கிடையாது. தூரமான நாளில் நேரம் உண்டு, ஆனால் வீட்டில் இருந்த புத்தகம் எல்லாம் பெருமாள் சம்பந்தமான புத்தகம், அந்த நாளில் தொட முடியாது. ஆக, வேளை இருக்கும்போது புத்தகம் இல்லை, புத்தகம் இருக்கும்போது வேளை இல்லை. ஆட்டுக்குத் தாடி இருந்து என்ன லாபம் என்கிற மாதிரி என் படிப்பு இருந்தது.

மைத்துனர் தம் பெண்ணுக்காகச் சென்னையிலிருந்து ஒரு குழந்தைகள் பத்திரிகையைத் தபாலில் வரவழைத்தார். மாதம் ஒன்று. மெல்லிய தாள், மங்கலான படங்கள், ஒரு விடுகதைப் பக்கம். ஒரு நாள் விடுகதைக்கு விடை தெரியாமல் அவள் கொட்டில் வாசலில் வந்து நின்று, "சித்தி, இதுக்கு விடை தெரியறதா பாரேன்" என்று பத்திரிகையை என் பக்கம் தூக்கிப் போட்டாள். அதை என் மாமியார் பார்த்துவிட்டார்.

"என்னடி அது, அவ கிட்டப் போடறே? பொஸ்தகத்தைப் போய்..."

"பொஸ்தகம் இல்லை பாட்டி. குழந்தைகள் பத்திரிகை. இதுல அணில் எல்லாம் பேசும்."

மாமியார் யோசித்தார். அவர் பொல்லாதவர் இல்லை. சட்டம் தெரிந்தவர், அவ்வளவுதான். "பெருமாள் பேர் எங்கேயாவது போட்டிருக்கா?" என்று கேட்டார். முதல் பக்கத்தில் கடவுள் வணக்கப் பாட்டு ஒன்று இருந்தது. அதை மட்டும் என் மன்னி மகள் பதமாகக் கிழித்து உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். மீதி எனக்கு ஆயிற்று. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மாதாமாதம் அவள் படித்து முடித்து, கடவுளைக் கிழித்து எடுத்துக்கொண்டு, அணிலையும் பூதத்தையும் எனக்குப் போடுவாள். நான் ஸ்நானம் செய்து உள்ளே வந்த பிறகு பத்திரிகை மேல் நாலு சொட்டு நீர் தெளித்துத் திரும்ப எடுத்துக்கொள்வாள். அவளுடைய பத்திரிகைகளின் அட்டை எல்லாம் மசி கசிந்து அம்மை வார்த்த மாதிரி இருக்கும்.

அதில் ஒரு தொடர்கதை வந்தது. ஒரு ஊர். அந்த ஊரார் எல்லோருடைய தூக்கத்தையும் ஒரு பூதம் திருடிக்கொண்டு போய், ஆளுக்கொரு ஜாடியாக அடைத்துக் குகையில் வைத்துவிடுகிறது. ராஜாவிலிருந்து கழுதை வரைக்கும் யாருக்கும் தூக்கமில்லை. ஒரு குயவன் மகள், ஜாடிகளைத் தட்டிப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவள், தூக்கத்தைத் தேடிப் புறப்படுகிறாள். கூடவே ஒரு அணில். மகா ஜம்பக்கார அணில். "போன வருஷம் நான் ஒரு யானையை வாலைப் பிடித்துத் தூக்கினேன், நீ பார்த்திருக்க மாட்டாய், அப்போது இருட்டாக இருந்தது" என்று சொல்லும். நான் பாயில் உருண்டு சிரித்திருக்கிறேன். மாடு திரும்பிப் பார்த்தது.

தூக்கமே போதாமல் நடமாடிக்கொண்டிருந்த ஒருத்திக்கு அந்தக் கதை பிடித்ததில் என்ன ஆச்சரியம் என்று கேட்கலாம். அது மட்டும் காரணம் இல்லை. பக்கத்து வீட்டு மாமி ஒரு தரம் பெரியவர்கள் படிக்கிற நாவல் ஒன்றை ரகசியமாக இரவல் கொடுத்தார். அதில் ஒரு பெண் முதல் பக்கத்தில் அழ ஆரம்பித்தாள், நான் திருப்பிக் கொடுக்கிறவரைக்கும் நிறுத்தவில்லை. வெங்காயம் சேர்க்காத வீட்டிலேயே எனக்குக் கண்ணீருக்குக் குறைவில்லை, இதில் நாவல் வேறா? குழந்தைக் கதையில் அப்படி இல்லை. அங்கே யாரும் யாருக்கும் மாமியாரும் இல்லை, நாட்டுப்பெண்ணும் இல்லை. விருந்து நடந்தால் பாத்திரம் யார் தேய்த்தது என்ற கேள்வியே வராது. அநியாயம் செய்தவனை எல்லோரும் அநியாயக்காரன் என்றே சொல்வார்கள், அவனுக்கும் அவன் நியாயம் உண்டு என்று ஒருவரும் சமாதானம் சொல்ல மாட்டார்கள்.

மீண்டும் குழந்தையாகிவிட்டேன் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. எனக்குக் குழந்தையாக ஆசையே கிடையாது. குழந்தையாக இருந்தபோதும் தண்ணீர்தான் இறைத்தேன். வயது வந்தவளாகவே அந்தக் கதைகளைப் படித்தேன், வயது வந்தவளாகவே குற்றமும் கண்டுபிடித்தேன். குயவன் மகள் ஆற்றில் வளையலைத் தொலைத்துவிட்டதாக எழுத்தாளர் ஒரு மாதம் எழுதுவார், அடுத்த மாதம் அதே வளையல் குலுங்கும். 'இந்தப் பிரகிருதிக்குத் தான் எழுதினதைத் தானே படிக்கிற வழக்கம் இல்லை போலிருக்கிறது' என்று அந்த எழுத்தாளரை வைதுகொண்டே அடுத்த வரிக்கு ஓடுவேன். அந்த மாதிரி ஒரு ருசியை நான் எந்தத் தளிகையிலும் கண்டதில்லை.

பின்கட்டுச் சுவருக்கு அப்பால் ஒரு நெசவாளர் வீடு. பகல் முழுக்கத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த வீட்டு அம்மாள் சுவரோரம் உட்கார்ந்து ராட்டினத்தில் பட்டு நூலைத் தறிக்கு வேண்டிய தாராகச் சுற்றுவாள். நாலு பிள்ளை பெற்றவள், ஐந்தாவது வயிற்றில். நான் வாய்விட்டுப் படிப்பது அவள் காதில் விழுந்திருக்கிறது. ஒரு நாள் ராட்டினம் நின்றது.

"இன்னாம்மா, நிறுத்திட்டே? அந்தப் பூதம் வந்துக்கினு இருந்துச்சே, இன்னா ஆச்சு?"

அதற்குப் பிறகு நான் கொஞ்சம் உரக்கவே படித்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சுவருக்கு அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்கும். ஒருத்தி முகத்தை ஒருத்தி சரியாகப் பார்த்தது கிடையாது.

ஒரு வைகாசிக்குப் பிறகு மைத்துனருக்குத் திருவல்லிக்கேணியில் வீடு கிடைத்தது. மன்னியும் பெண்ணும் புறப்பட்டார்கள். இரண்டு பேர் செய்த தளிகை வேலை இனி என் ஒருத்திக்கு என்று எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். எனக்கும் வருத்தம்தான். ஆனால் தகரப்பெட்டியில் புடவைகளுக்கு அடியில் அந்தப் பெண் தன் பத்திரிகைகளை ஒன்று விடாமல் அடுக்கி வைத்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சு கனத்தது. கேட்டால் இரண்டு கொடுத்திருப்பாள். குழந்தையிடம் குழந்தைப் பத்திரிகை கேட்க வாய் வரவில்லை. கடைசியாக வந்த இதழில் குயவன் மகள் குகைக்குள் போய், ஒரு ஜாடியைத் தட்டிப் பார்த்து, தவறிப்போய் ராஜாவின் தூக்கத்தைத் திறந்துவிட்டிருந்தாள். அது அணிலுக்குள் போய்ப் புகுந்துகொண்டது. அணில் நடுக்குகையில் ராஜா மாதிரி குறட்டை விட்டுக்கொண்டு படுத்துவிட்டது. வெளியே பூதத்தின் காலடிச் சத்தம். தொடரும் என்று போட்டிருந்தது.

தொடரும் என்றால் யாருக்கு? இனித் திருவல்லிக்கேணியில்தான் தொடரும். உப்பு இல்லாமல் குழம்பை இறக்கி மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த அணில் நினைப்பாகவே இருந்தது. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. அப்போது இருந்தது.

அகத்துக்காரருக்கு மோர் சாதம் பரிமாறும்போது ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏன்னா, அந்தக் குழந்தைப் பத்திரிகையை நம்ப ஆத்துக்கும் வரவழைக்கலாமா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் அதிகம் பேசமாட்டார். கோவிலில் அவ்வளவு சொல்லிவிட்டு வருகிறவருக்கு வீட்டில் சொல்ல மிச்சம் இருக்காது. புறப்பாடு முடிந்து வந்தால் பனங்கற்கண்டும் மிளகும் வாயில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் சாடையிலேயே காலம் தள்ளுவார். "அம்மா கிட்டக் கேக்கறேன்" என்றார். அந்த வீட்டில் புதிதாக எது உள்ளே வந்தாலும் அம்மாவைக் கேட்காமல் வராது.

கேட்டார் போலிருக்கிறது. அன்று சாயங்காலம் மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக நின்றுகொண்டே பேசுகிறவர். என் தலையைத் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது. வைதிருந்தால் எனக்குப் பதில் தெரியும்.

"என் கண்ணே, குழந்தை குழந்தைன்னு ஏங்கி ஏங்கி உனக்கு இப்படி ஆயிடுத்தே. எனக்குப் புரியாதா?"

"இல்லைம்மா, நான் கதை படிக்கத்தான்..."

"சொல்லாதே. பொம்மனாட்டி மனசு பொம்மனாட்டிக்குத் தெரியும். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. குழந்தை இல்லாத ஆத்துல குழந்தைக் காகிதம் வரதுங்கறது வெறும் தொட்டிலை ஆட்டற மாதிரிடி. வெறும் தொட்டிலை ஆட்டினா அது வெறுந்தொட்டிலாவே போயிடும்னு சொல்லுவா. பெருமாள் கண் திறக்கட்டும், ஒண்ணுக்குப் பத்தா வரவழைச்சுக்கலாம். அதுவரைக்கும் அந்தக் காகிதம் நம்ப வாசப்படி ஏறப்படாது."

வெறும் தொட்டிலை ஆட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சாஸ்திரம். அதற்கு எதிராக வாதாட யாருக்கும் தைரியம் வராது. மாமியார் அதோடு விடவில்லை. என்னைக் கோவிலுக்கு அழைத்துக்கொண்டு போய் தோஷம் போக மறுபடி பல்லியைத் தொட வைத்தார். அந்தத் தங்கப் பல்லியின் உடம்பு தேய்ந்ததில் என் பங்கும் கணிசமாக உண்டு. விஷயம் எப்படியோ தெருவுக்கும் போய்விட்டது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. குளத்தங்கரையில் மாமிகள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். ஒருத்தி தன் கைக்குழந்தையை என் மடியில் வைத்து, "கொஞ்ச நாழி வெச்சுக்கோ, மனசு ஆறும்" என்றாள். அந்தக் குழந்தை என் புடவையை நனைத்தது. மறுபடி ஸ்நானம் செய்ய வேண்டியதாயிற்று.

நான் குழந்தைக்கு ஏங்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஏங்கினேன். அது ஒரு பக்கம் அறுத்துக்கொண்டே இருந்தது. ஆனால் அது வேறு, இது வேறு. ஒருத்திக்குப் பிள்ளை இல்லை என்றால் அவள் சிரிப்பதும் அதனால், தும்முவதும் அதனால், வத்தக்குழம்பு பிடிப்பதும் அதனால் என்றாகிவிடுமா? எனக்குப் பிள்ளை இல்லாததால்தான் அணில் கதை பிடித்தது என்றால், சுவருக்கு அந்தப் பக்கம் நாலு பெற்று ஐந்தாவதைச் சுமந்துகொண்டிருந்தவளுக்கு எதனால் பிடித்தது? இதை யாரிடமாவது கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்க ஆளில்லை. எல்லோரும் என்னிடம் அவ்வளவு பிரியமாக இருந்தார்கள். அந்தப் பிரியத்துக்கு நடுவில் நான் ஒருத்தி இருப்பது யார் கண்ணிலும் படவில்லை. அம்மி அரைத்துக்கூட நான் அப்படிக் களைத்ததில்லை.

அடுத்த மாதம் பின்கட்டில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். உத்தரத்தைப் பார்த்தேன். மாட்டைப் பார்த்தேன். ராட்டினம் நின்றது.

"இன்னாம்மா, இந்த வாட்டி படிக்கலியா? அந்த அணிலு எழுந்திச்சா இல்லியா?"

"பத்திரிகை இனிமே வராது."

"அடப் பாவமே! அப்போ தூங்கிக்கினேதான் கீதா?" என்றாள். பிறகு ராட்டினம் சுற்றத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்தது. அணிலுக்காகத்தான் அழுதேன். வேறு யாராவது பார்த்திருந்தால் வேறு மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டிருப்பார்கள்.

அதற்கடுத்த மாதம் என் அகத்துக்காரர் உற்சவ கோஷ்டிக்காகத் திருவல்லிக்கேணி போனார். அண்ணா அகத்தில் தங்கினார். திரும்பி வந்தபோது நான் பின்கட்டில் இருந்தேன். மத்தியான வேளை. சாப்பிட்டுவிட்டு நேரே படுக்கப் போகிறவர் அன்று கொல்லைப்பக்கம் வந்தார். கிணற்றடியில், என்னிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டுமோ அவ்வளவு தள்ளி நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். என்னைப் பார்க்காமல் துவைக்கிற கல்லைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

"பூதத்தின் காலடிச் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்தது. அணிலோ எழுந்திருக்கவில்லை..."

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு வெயிலில் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு புரிந்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டேன். கதையின் அடுத்த அத்தியாயம் முழுவதையும் மனிதர் நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

எப்படி நெட்டுருப் போட்டார் என்பதை என் மன்னி பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எங்கள் வீடுகளில் பாசுரம் கற்றுக்கொள்வதற்குச் சந்தை சொல்வது என்று ஒரு முறை உண்டு. ஆசாரியர் ஒரு தரம் சொல்வார், எதிரில் உட்கார்ந்தவர் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும். என் அகத்துக்காரர் தம் அண்ணா பெண்ணை எதிரில் உட்காரவைத்து, "நீ ஒரு தரம் வாசி, நான் ரெண்டு தரம் சொல்றேன்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். அந்தப் பெண்ணும் அவர் ஒரு சொல் தவறினால் தொடையில் தட்டிக்கொண்டு, "தப்பு சித்தப்பா, மறுபடி" என்றாளாம்.

ஆனால் அவருக்கு ஒரு கஷ்டம் இருந்தது. மனப்பாடமான எதையும் அவருக்கு ராகமில்லாமல் சொல்ல வராது. சிறு வயதிலிருந்து நெட்டுருப் போட்டது அத்தனையும் பாசுரம். அதனால் பூதமும் அணிலும் குயவன் மகளும் பெருமாள் புறப்பாட்டின் ராகத்தில் வந்தார்கள். இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, 'குறட்டை' என்ற சொல்லை இரண்டு மடிப்பு நீட்டிச் சொன்னார். சுவருக்கு அப்பால் ராட்டினச் சத்தம் நின்றுவிட்டது.

பூதம் குகைக்குள் வருகிறது. அணில் குறட்டை விடுவதைப் பார்த்து அதற்குக் கோபம் வரவில்லை. அப்படியே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுகிறது. ஊரார் தூக்கத்தை எல்லாம் காவல் காக்க வேண்டியிருப்பதால் பூதத்துக்கு இத்தனை வருஷமாகத் தூக்கமே கிடையாது. அதனுடைய தூக்கத்தை எந்த ஜாடியில் வைத்தது என்று அதற்கே மறந்துவிட்டது. கேட்டதும் எனக்கு அந்தப் பூதத்தின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. பாவம், அதுவும் என்னைப் போலத்தான் மாய்ந்துகொண்டிருந்திருக்கிறது என்று தோன்றியது.

குயவன் மகள் பூதத்தின் கண்ணைத் துடைக்கிற இடத்துக்கு வந்தபோது, உள்ளே கூடத்திலிருந்து மாமனார் வந்துவிட்டார். அவர் காதில் விழுந்தது ராகம் மட்டும். தூரமாக இருக்கிறவள் காது கேட்கப் பாசுரம் சொல்வதைவிடப் பெரிய அபசாரம் எங்கள் தெருவில் கிடையாது. மேல்வேஷ்டி தரையில் புரள வந்து நின்றார்.

"என்னடா அனாசாரம் இது! அவ தூரமா உக்காந்திருக்கா, அவ காது கேக்கப் பாசுரமா சேவிக்கறே? புத்தி பிசகிடுத்தா உனக்கு?"

என் அகத்துக்காரர் வெலவெலத்துப்போனார். "பாசுரம் இல்லைப்பா. கதை."

"என்ன கதை?"

"அணில் கதை."

அதற்குள் மாமியாரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒரு நொடியில் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"அந்தக் காகிதம் உள்ளே வரப்படாதுன்னு அவ்வளவு சொல்லியும் கொண்டு வந்துட்டியா?"

"காகிதம் வரலையேம்மா" என்று அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சென்னையில் ஒரு பிரதி வாங்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வாங்கினால் அம்மா வார்த்தையை மீற வேண்டும். மீறாமல் கொண்டுவர அவருக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

மாமியாரின் குரல் இறங்கியது. அந்தக் குரலுக்குத்தான் நான் பயந்தேன். "ஏண்டா, அவதான் குழந்தை இல்லாத ஏக்கத்துல என்னவோ கேக்கறாள்னா, நீயும் கூடச் சேர்ந்து ஆட்டணுமா வெறும் தொட்டிலை?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமனார் எதிரில் நான் பேசக் கூடாது. பேசினாலும் அங்கே யார் காதில் ஏறப்போகிறது?

என் அகத்துக்காரர் துவைக்கிற கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றோர் எதிரில் அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி நான் கேட்டது கிடையாது. எதிர்த்துப் பேசுகிற குரலிலும் அவர் அப்போது பேசவில்லை. களைத்துப்போன குரலில், தெரியாதவர்களுக்கு விவரம் சொல்கிற மாதிரி சொன்னார்.

"ஏக்கம் எல்லாம் இல்லைம்மா. அவளுக்குக் கதை பிடிக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். அந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து என்னைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனையோ பேர். ஜாதகம் பார்த்துப் பேசினார்கள், நாடி பார்த்துப் பேசினார்கள், நடையைப் பார்த்துப் பேசினார்கள். எனக்கு ஒன்று பிடிக்கும் என்று யாரும் சொன்னதில்லை. அந்தக் கணத்தில் அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தை நான் அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

மாமனார் மேல்வேஷ்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "கதைன்னா கதை மாதிரி சொல்றது. அந்த ராகம் எதுக்கு?" என்று கேட்டார்.

"எனக்கு வேற மாதிரி வரலையே."

மாமனார் உள்ளே போய்விட்டார். மாமியார் என்னைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி என்று சொன்னால் மிகையாகிவிடும். ஏதோ கேட்க வாயெடுத்தவர் கேட்காமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். பத்திரிகை எங்கள் வாசப்படி ஏறலாம் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

சுவருக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "சாமி, நிறுத்திட்டீங்களே, அந்தப் பூதத்துக்கு ஜாடி கெடைச்சுதா?"

அவர் சுவரைப் பார்த்துத் திடுக்கிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். விட்ட இடம் குயவன் மகள் கண்ணைத் துடைத்த இடம் என்று எடுத்தும் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் முயன்று பார்த்தார். நடுவிலிருந்து எடுக்க அவருக்கு வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, காலடிச் சத்தம் நெருங்கிக்கொண்டே வந்த முதல் வரியிலிருந்து, அதே ராகத்தில் மறுபடி ஆரம்பித்தார். நான் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டேன்.